தம்பியின் குடலுக்குள் ஒரு விளக்கு

“26-7-2024, வெள்ளி. தம்பிக்குக் கொலோனோஸ்கோப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய் காலை, கடலூரில். முதல் நாள் திங்கள், ஆடிக் கிருத்திகை.”

தினசரி நாள்காட்டியில் அன்று கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தேதி போடாத காகிதத்தைக் கண்டால் இன்னமும் கை துறுதுறுக்கும். கிருத்திகை என்பதை அன்று வெறும் பழக்கத்தில்தான் எழுதினேன். அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சிதம்பரத்தில் குடியிருக்கிறான். சில மாதங்களாக மலத்தில் ரத்தம் போவதை யாரிடமும் சொல்லாமல் இருந்தான். சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் அவன் மனைவி கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தாள். மூலமாக இருக்கும் என்று அவன் சொன்னான். மூலமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வேறு எதுவாக இருக்கலாம் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. புற்று என்ற சொல்லைச் சொல்ல நேர்ந்தால் என் கணவர் உட்பட எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

மருத்துவர் எழுதிய சொல்லை அன்று மாலையே அகராதியில் பார்த்தேன். இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது. முதல் பாதிக்குப் பெருங்குடல் என்று பொருள். பின்பாதிக்கு உற்றுப் பார்த்தல். தமிழ் மருத்துவ நூல் ஒன்றில் ‘பெருங்குடல் அகநோக்கல்’ என்று இருந்தது. நல்ல சொல். ஆனால் அதை ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை. மருத்துவமனையில் செவிலியர்கள் “நாளைக்கு ரெண்டு கொலோனோ இருக்கு” என்று, ஏதோ ஊரிலிருந்து இரண்டு பேர் வருவதுபோலச் சொன்னார்கள். காத்திருப்போர் வரிசையில் ஒரு பெரியவர் ‘டியூப் வுட்டுப் பாக்கறது’ என்றார். தம்பி மனைவி அக்கம்பக்கத்தில் ‘கேஸ் ட்ரபிள், எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லியிருக்காங்க’ என்று சொல்லிவைத்தாள். எண்டோஸ்கோப்பி என்றால் வாய்வழி. அதைச் சொல்ல வெட்கமில்லை. மற்றது எந்த வழி என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

தம்பி மட்டும் சொல்லைப் பற்றிக் கவலைப்படவில்லை. “நம்ம வேலதான்க்கா இது” என்றான்.

அது உண்மை. அவனுக்குத் தொழில் போர்வெல்லுக்குள் கேமரா விடுவது. நீளமான ஒயரின் முனையில் விளக்கோடு ஒரு சின்னக் கேமரா. அதைக் கிணற்றுக்குழாய்க்குள் மெதுவாக இறக்கி, மேலே ஒரு திரையில் பார்த்து, துளைக்கு உள்சுவராக நிற்கும் கேசிங் பைப் எங்கே விரிசல் விட்டிருக்கிறது, மண் எதுவரை தூர்ந்திருக்கிறது என்று சொல்லுவான். சிதம்பரத்தைச் சுற்றியும், மேற்கே பெண்ணாடம் கரும்புக்கொல்லைகள் வரைக்கும் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் எல்லோரிடமும் வைக்கும் ஒரே நிபந்தனை: நான் வருவதற்கு முந்தின நாளே மோட்டாரை நிறுத்திவிடவேண்டும், தண்ணீர் தெளிந்திருக்கவேண்டும்.

திங்கட்கிழமை சாயந்தரம் தம்பியும் அவன் மனைவியும் கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பேதிப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, டம்ளர் டம்ளராகக் குடிக்கவேண்டும். முதல் டம்ளரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“என்னா மச்சான், எப்பிடி இருக்கு?” என்றார் என் கணவர்.

“நம்ம தேவனாம்பட்டினம் கடல்ல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி வுட்ட மாரி இருக்கு மாமா. நீங்க ஒரு கிளாஸ் பாக்கறீங்களா?”

“எனுக்கு எதுக்குய்யா? நான் காலைல ஒழுங்காப் போறவன்.”

இரவு முழுக்கக் கழிவறைக் கதவு சாத்தித் திறந்துகொண்டே இருந்தது. காலையில் மருத்துவமனைக்குப் போனோம். அவனை உள்ளே அழைத்துப் போன கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்தது. மருத்துவர் வெளியே வந்தார். இளைய வயது. கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

“நேத்து என்னம்மா சாப்பிட்டாரு?”

“எதுவும் சாப்பிடல சார்,” என்றாள் தம்பி மனைவி. “பட்டினிதான். கிருத்திகை வேற. நானும் அவுரும் விரதம்.”

“விரதத்துக்கு என்ன எடுத்துக்குவீங்க?”

“ஒண்ணுமே இல்ல சார். பால், பழம். மத்தியானம் கொஞ்சம் அவல்.”

“என்ன பழம்?”

“கொய்யாதான் சார்.”

மருத்துவர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். “உள்ள பூரா கொய்யா விதைம்மா. அவலும் இருக்கு. ஒண்ணும் பார்க்க முடியல. அதுக்கு மேல தள்ளினா ரிஸ்க்கு. இன்னொரு நாள் வாங்க.”

அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முருகனுக்கு விரதம் இருக்கும் வீடு அது. எங்கள் அம்மா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அரிசிச் சோறு கூடாது. பால் பழம் எடுத்துக்கொண்டால் விரதம் கெடாது. அவல் ஒருவேளைக்கு உண்டு. அந்த வீட்டுக் கணக்கில் இவையெல்லாம் சாப்பாடு ஆகாது. ‘திடமா எதுவும் சாப்பிடக் கூடாது’ என்று செவிலியர் சொன்னபோது, அதைவிடப் பல வருஷம் மூத்த ஒரு சட்டத்தின்படி அவள் அதைப் புரிந்துகொண்டிருக்கிறாள். அன்று நான் சிதம்பரத்தில் இருந்திருந்தாலும் எனக்கும் உறைத்திருக்காது. நானே அன்று அவல்தான் சாப்பிட்டேன்.

தம்பி வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: “முருகனே வேணாம்னு சொல்றாரு, வுடுங்க.”

அதை அவன் நிஜமாகவே பிடித்துக்கொண்டான். மறுபடி எப்போது போகலாம் என்று கேட்டால் வேலை ஜாஸ்தி என்பான். ரத்தம் நின்றுவிட்டது என்பான். நிற்கவில்லை என்று அவன் மனைவி ரகசியமாகச் சொன்னாள். ஆடி போய் ஆவணி வந்தது. நாள்காட்டித் தாள்களின் பின்னால் நான் ‘இன்றும் பேசினேன், பிடிகொடுக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவரிடம் போனில் கேட்டேன். “என்னன்னு தெரியாம நாள் கடத்தறதுதாம்மா தப்பு” என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் சிதம்பரம் போனோம். வீட்டில் அவன் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் வேலையாக இருக்கிறான் என்றாள் மனைவி. ஷேர் ஆட்டோ பிடித்து அங்கேயே போய்ச் சேர்ந்தோம்.

வரப்பில் அவனுடைய வண்டி நின்றது. தார்ப்பாயை நிழலுக்குக் கட்டி, அதன் அடியில் திரையை வைத்திருந்தான். திரையில் சாம்பல் நிறப் புகை மாதிரி ஏதோ சுழன்றது. வேறு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் கொல்லைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தம்பி அவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தான்.

“நேத்து போன்ல படிச்சிப் படிச்சி சொன்னனா இல்லியா? மோட்டார் போடாதீங்கன்னு?”

“போடலப்பா. மாட்டுக்குத் தண்ணி வேணும்ல, காலைல ஒரு அஞ்சு நிமிஷம்…”

“அஞ்சு நிமிஷம் போட்டா அது போட்டது இல்லியா? உள்ள பாருங்க, ஒரே கலங்கல். இதுல நான் என்னாத்தப் பாக்கறது? விரிசல் இருக்கா இல்லியான்னு எப்பிடிச் சொல்றது? கேமரா வேற எங்கனா மாட்டிக்கிச்சின்னா யாரு காசு குடுப்பா?”

“கொஞ்சம்தாம்பா ஓடிச்சி. அத ஒரு கணக்கா…”

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தம்பி திரும்பிப் பார்த்தான். முதலில் அவரை முறைத்தான். பிறகு திரையைப் பார்த்தான். அதன் பிறகு கொல்லைக்காரரை. அவனுக்கு அது மெல்ல உறைப்பதை நான் பார்த்தேன்.

“கொய்யாப்பழம் ஏதும் உள்ள போட்டீங்களான்னு கேளு மச்சான்,” என்றார் என் கணவர்.

தம்பியும் சிரித்தான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. கொல்லைக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல், “கொய்யா மரம் அந்தாண்ட இருக்குதுங்க” என்று கைகாட்டினார். தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: “எப்ப போலாம்க்கா?”

இரண்டாம் முறை செப்டம்பர் மாதம். முந்தின நாள் காலையே அவனை எங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிட்டோம். இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, சர்க்கரைத் தண்ணீர், பால் விடாத டீ. அவ்வளவுதான். தம்பி மனைவி கூடத்தில் நாற்காலி போட்டு சமையலறைக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள். தெருவில் பழவண்டிக்காரர் குரல் கேட்டபோது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். இந்த முறை பஞ்சாங்கத்தையும் பார்த்துவைத்திருந்தாள். கிருத்திகை இல்லை, சஷ்டி இல்லை, ஒன்றும் இல்லாத வெறும் நாள்.

மறுநாள் நாங்கள் வெளியே காத்திருந்தோம். கதவு திறந்து செவிலியர் தலையை நீட்டினார். “சொந்தக்காரங்க ஒருத்தர் வாங்க. டாக்டர் கூப்பிடுறார்.” தம்பி மனைவி எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள். “நீங்க போங்கண்ணி.” போனேன்.

அறை குளிர்ந்து மங்கலாக இருந்தது. தம்பி பச்சைத் துணி போர்த்தி ஒருக்களித்துப் படுத்திருந்தான். முழு மயக்கம் வேண்டாம், நான் பார்க்கவேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தான். வலி தெரியாமலிருக்க லேசாக மருந்து மட்டும் போட்டிருந்தார்கள். கண் பாதி செருகியிருந்தாலும் எதிரே இருந்த திரையை விடவில்லை.

“வளர்ச்சி ஒண்ணு இருக்கும்மா,” என்றார் மருத்துவர். “போகும்போது பார்த்தேன். திரும்பி வரும்போது எடுத்துடறேன். அதுக்கு வீட்டு ஆளுங்க சம்மதம் வேணும்.” கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். “நில்லுங்க, பார்த்துட்டே போங்க. இப்ப கடைசிக்குப் போயிட்டிருக்கேன்.”

திரையைப் பார்த்தேன்.

குடல் என்றால் ஆட்டுக்கறிக் கடையில் அலசித் தொங்கவிட்டிருப்பதுதான் அதுவரை என் மனதில் இருந்தது. இது அது இல்லை. விடியும் நேரத்து வானத்தின் இளஞ்சிவப்பு. ஈரத்தில் பளபளக்கும் சுவர். அந்தச் சுவரெங்கும் மிக மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளைத்துக் கிளைத்து, கொள்ளிடம் கடலுக்குப் போகும் இடத்தை வரைபடத்தில் பார்த்தால் இருக்குமே, அப்படிப் பிரிந்துகொண்டே போயின. வழி ஓரிடத்தில் வட்டமாக இல்லாமல் முக்கோணமாக ஆனது. ஒன்றன்பின் ஒன்றாக முக்கோண வாசல்கள். ஒவ்வொன்றையும் விளக்கு தொட்டதும் அது திறந்து, பின்னால் இன்னொன்று. நான் வாய் திறந்து நின்றேன் என்று பிறகு தம்பி சொல்லித்தான் தெரியும்.

ஒரு வளைவில் சுவருக்குப் பின்னால் நீல நிழல் ஒன்று படர்ந்தது. “என்ன சார் அது, அடிபட்டதா?” என்றேன் பயந்து.

“இல்லம்மா. அது கல்லீரல். குடலுக்கு வெளிய ஒட்டி உக்காந்திருக்கு. சுவர் அவ்வளவு மெலிசு, நிழல் தெரியுது.”

என் தம்பியின் கல்லீரல். அவனைக் குழந்தையில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அப்போது என் இடுப்பில் உட்கார்ந்திருந்தது இதெல்லாம்தான்.

“கேசிங் எப்பிடி சார் இருக்கு?” என்றான் தம்பி, குழறலாக.

“நல்லாயிருக்கு. விரிசல் இல்ல.”

“தூர்ந்திருக்கா?”

“இந்தத் தடவ இல்ல. தெளிஞ்ச தண்ணி,” என்றார் மருத்துவர். அவருக்கு அவன் தொழில் தெரிந்திருந்தது. செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு தம்பியை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மருத்துவர் செவிலியரிடம் விளக்கை அணைக்கச் சொன்னார். துணியைக் கொஞ்சம் விலக்கினார். “ஸ்க்ரீனப் பார்க்காதீங்க. அவர் வயித்தப் பாருங்க. இங்க, வலது பக்கம் கீழ.”

அறை இருட்டில் தம்பியின் வயிறு ஒளிர்ந்தது.

இளைத்துப்போன வயிறு. தோலுக்கு அடியில், தொப்புளுக்கு வலப்புறம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவ்வொளி. கைவிளக்கை விரல்களால் மூடினால் விரல் சிவக்குமே, அந்தச் சிவப்பு. மூச்சு விடும்போது அது ஏறி இறங்கியது. மருத்துவர் கையைச் சிறிது அசைத்ததும் ஒளி நகர்ந்தது. “பெருங்குடல் ஆரம்பிக்கற இடம் இது. லைட் இங்க தெரிஞ்சா, முழுசாப் பார்த்தாச்சுன்னு அர்த்தம்.”

தம்பி தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு, “அக்கா, நான் இவ்ளோ வருஷமா கெணத்துல வெளக்கு எறக்கறன்,” என்றான். “மேல நிக்கற மண்ணு இப்பிடி வெளிச்சமாகி நான் பாத்ததே இல்ல.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிதம்பரம் கோயிலில் திரை விலகும்போது கூட்டத்தில் எல்லோரும் மூச்சை நிறுத்துவார்கள். அன்று அந்த அறையில் நின்றது அதே மாதிரி ஒரு மூச்சு. இதற்கு மேல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விளக்கைப் போட்டார்கள். கேமரா மெல்லப் பின்வாங்கியது. இடப்பக்கம் வந்ததும் அது தெரிந்தது: இளஞ்சிவப்புச் சுவரிலிருந்து ஒரு காம்பு, காம்பின் முனையில் கருஞ்சிவப்பாக ஒரு மொக்கு. மேலே சொரசொரப்பு. இவ்வளவு நாள் ரத்தம் கசிந்தது இதிலிருந்துதான் என்றார். ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கு வந்து, மொக்கின் கழுத்தைத் தடவித் தடவித் தேடி, மாட்டி, இறுகியது. காம்பு வெளுத்தது. ஒரு பொட்டு வெண்புகை. அறுந்தது. அறுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மொக்கைச் சின்னப் புட்டியில் போட்டு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குச் சில நாட்கள் ஆகின. அந்த நாட்களில் தம்பி எங்கள் வீட்டிலேயே இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், என் கணவரோடு சீட்டு ஆடினான். தோற்றால் “மச்சான நோயாளின்னும் பாக்காம ஏமாத்தறீங்க” என்று கத்தினான். போன் அடித்தால் மட்டும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

முடிவை மருத்துவர் நேரில் வரச்சொல்லித்தான் சொன்னார். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையல் அழுந்திய தடம் மாலைவரை இருந்தது.

“அடினோமான்னு வந்திருக்கு. கேன்சர் இல்ல,” என்றார். “ஆனா வுட்டிருந்தா, வருஷங்கள்ல அப்பிடி மாறக்கூடிய வகை. மாறறதுக்குள்ள எடுத்தாச்சு. சில வருஷம் கழிச்சி மறுபடி வந்து பார்த்துக்கணும்.”

எங்களில் ஒருவர் அந்தச் சொல்லை முழுதாக வெளியே சொன்னது அதற்குப் பிறகுதான். “கேன்சர் இல்லியாம்” என்று தம்பி மனைவி அன்று போனில் எத்தனை பேரிடம் சொன்னாளோ. சொல்லும்போதே, “எண்டோஸ்கோப்பி இல்ல, கொலோனோஸ்கோப்பி, பெருங்குடல்ல பாக்கறது, பின்பக்கமா” என்று விளக்கமும் சொன்னாள். முதல் நாள் கொய்யா சாப்பிடாதீங்க என்பதையும் சேர்த்து.

நாங்கள் எழுந்தபோது மருத்துவர் கேட்டார்: “அப்பா அம்மா வழியில யாருக்காவது குடல்ல இந்த மாதிரி இருந்திருக்கா? அப்பா எதுல இறந்தாரு?”

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “வயித்து வலி சார்,” என்றான் தம்பி.

“என்ன வயித்து வலி?”

தம்பி உதட்டைப் பிதுக்கினான். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “கூடப் பிறந்தவங்கன்னா நீங்களும் ஒரு தடவ பார்த்துக்கறது நல்லதும்மா. அப்பாவுக்கு இருந்திருந்தா கண்டிப்பாப் பார்க்கணும்.”

அப்பா மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வைத்திருந்தார். அவர் போன நாளும் கிழமையும் எனக்கு மனப்பாடம். எதனால் போனார் என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. வயிற்று வலி என்பதே பதிலாக இருந்தது. அந்த வாரம் பேரூராட்சியில் பழைய இறப்புப் பதிவேட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒரே சித்தப்பாவைக் கேட்டேன். “கடுப்பு. ரத்தக் கடுப்பு. வெந்தயம் குடுத்தோம்,” என்றார். அத்தையைக் கேட்டேன். “மூலம்தான். ரத்தமாப் போவும். கடைசில எலும்பும் தோலுமா ஆயிட்டாரு.” இரண்டு பேரும் உறுதியாகத்தான் சொன்னார்கள். இரண்டு பேரும் ரத்தத்தைச் சொன்னார்கள்.

எனக்கும் நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் என்ன திதி என்று தம்பி மனைவி பார்த்துச் சொல்லிவிட்டாள். தம்பி வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். “நானும் மயக்கம் வேணாம்னு சொல்லப்போறேன்,” என்றேன். “லைட்ட அணைக்கும்போது மறக்காம தலயத் தூக்கிப் பாருக்கா,” என்றான்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அந்தத் தேதியை எழுதியிருக்கிறேன். அதன் கீழே, பழக்கப்படி, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து இப்படி: தம்பிக்கு, அடினோமா, எடுத்தாயிற்று. எனக்கு, பார்க்கவேண்டும். அப்பாவுக்கு, வயிற்று வலி, கடுப்பு, மூலம் என்று கேள்விப்பட்டது மட்டுமே; உள்ளே பார்த்தவர் யாரும் இல்லை; உறுதி செய்யப்படவில்லை.